94 சதவீதப் பொருத்தம் என்றால் என்ன? அகச்சிவப்பு நிறமாலையில் போதைப்பொருளை அடையாளம் காண்பது பற்றி

தடய அறிவியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் கேள்வி: "ஒரு வெள்ளைப் பொடியின் அகச்சிவப்பு நிறமாலையை எடுத்தேன். மென்பொருள் லைப்ரரியில் தேடிப் பார்த்து 'கோக்கெய்ன் ஹைட்ரோகுளோரைடு, 94 சதவீதம்' என்றது. இதை வைத்தே அறிக்கை எழுதலாமா? கூடாதென்றால் நிறமாலையை நானே எப்படிப் படிப்பது?"

94 என்ற எண்ணை வைத்து எழுதக்கூடாது. நிறமாலையை வைத்து எழுதலாம், கூடவே வேறு வகையான இன்னொரு சோதனையும் இருந்தால். ஒருவர் சிறைக்குப் போவதும் விடுதலையாவதும் நீங்கள் கையெழுத்திடும் அந்தத் தாளைப் பொறுத்து இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எண். பொடி கோக்கெய்னாக இருப்பதற்கு 94 சதவீதம் வாய்ப்பு என்று அது சொல்லவில்லை. பொடியில் 94 சதவீதம் கோக்கெய்ன் என்றும் சொல்லவில்லை. உங்கள் வளைகோட்டையும் லைப்ரரியில், அதாவது தெரிந்த பொருள்களின் நிறமாலைத் தொகுப்பில், உள்ள வளைகோட்டையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, வடிவம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்ட மதிப்பு, அவ்வளவுதான். அதே நிறமாலையை வகைக்கெழு எடுத்துத் தேடச் சொன்னால் எண் மாறும். தேடும் அலைஎண் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் என்ற அளவு, செ.மீ⁻¹) எல்லையைச் சுருக்கினால் மறுபடி மாறும். லைப்ரரியில் இல்லாத ஒரு பொருளின் பெயரை அது எந்நாளும் சொல்லப்போவதில்லை. இருப்பவற்றுள் எது நெருக்கமோ அதை எடுத்து முதலிடத்தில் வைக்கும். இன்னொன்றும் உண்டு. ஒளி உறிஞ்சப்படும் இடங்களில் வளைகோட்டில் தெரியும் பட்டைகளில் பெரியவைதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. விளக்கம் இல்லாமல் நிற்கும் ஒரு சின்னப் பட்டையால் 97 என்பது 94 ஆகலாம், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. ஆனால் பகுப்பாய்வாளருக்கு அந்தச் சின்னப் பட்டைதான் முக்கியம். பொருந்திய பத்துப் பட்டைகளைவிடப் பொருந்தாத ஒரு பட்டை அதிகம் சொல்லும். இந்தத் தொழிலில் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இந்த ஒரு விதியைத்தான்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். நாம் பார்க்கும் எல்லை பொதுவாக 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரை. மூலக்கூறில் உள்ள பிணைப்புகள் நீளும், மடங்கும். அப்படி அதிரும்போது இருமுனைத் திருப்புத்திறன் மாறினால் அந்த அதிர்வெண்ணில் ஒளி உறிஞ்சப்படும். பிணைப்பு வலுவாக இருந்தால் அலைஎண் கூடும், அணுக்கள் கனமாக இருந்தால் குறையும். 1500க்கு மேலுள்ள பகுதி எந்தெந்த வினைத்தொகுதிகள் உள்ளன என்று சொல்லும். 1500க்குக் கீழே மூலக்கூறு முழுவதும் சேர்ந்து அதிர்வதால் பட்டைகள் நெருக்கமாகவும் சிக்கலாகவும் வரும். அதைக் கைரேகைப் பகுதி என்கிறோம். மேல் பகுதியை வைத்து எதுவாக இருக்கலாம், எதுவாக இருக்க முடியாது என்று வடிகட்டுங்கள். முடிவைக் கீழ்ப் பகுதியில் தேடுங்கள். மேல் பகுதி ஒத்துப்போகிறது என்று மட்டும் வைத்து ஒரு பெயரைச் சொன்னால், அந்தக் குடும்பத்தில் உள்ள எல்லாப் பொருள்களுக்கும் அந்தப் பெயரைச் சூட்டியதாகிவிடும்.

நிறமாலையைப் படிக்க உட்காரும் முன் கருவி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாலிஸ்டைரீன் படலத்தை வைத்து ஓட்டினால் 3060, 1601.2, 1028.3 ஆகிய இடங்களில் பட்டைகள் வர வேண்டும். வராவிட்டால் அன்று எடுத்த எதற்கும் மதிப்பில்லை. 2350ஐ ஒட்டி ஓர் இரட்டைப் பட்டை மேலேயோ கீழேயோ துருத்திக்கொண்டிருந்தால் அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு. 3900–3600லும் 1800–1400லும் மெல்லிய ஊசிகள் வரிசையாக நின்றால் அது நீராவி. மாதிரி வைக்காமல் எடுக்கும் பின்னணியை எடுத்து நேரமாகிவிட்டது என்று பொருள், மறுபடி எடுங்கள். மாதிரியைப் படிகத்தின் மேல் அழுத்தி வைத்து அளக்கும் கருவி ஏடிஆர். வைரப் படிகம் வைத்த ஏடிஆர் கருவியில் 2300க்கும் 1800க்கும் இடையே வைரமே ஒளியை உறிஞ்சுகிறது. அங்கே இரைச்சல் கூடுதலாகத்தான் இருக்கும், அதற்குள் பட்டை தேடாதீர்கள். பிரிதிறனை 4 செ.மீ⁻¹ஆக வையுங்கள். வேகம் வேண்டும் என்று 16க்கு ஏற்றினால், நாம் அடுத்துப் பார்க்கப்போகும் இரட்டைப் பட்டைகள் ஒன்றாகக் கரைந்துவிடும்.

மாதிரியை எந்த முறையில் வைத்து எடுத்தீர்கள் என்பதும் நிறமாலையை மாற்றும். ஏடிஆரில் ஒளி மாதிரிக்குள் ஊடுருவும் ஆழம் அலைநீளத்தைப் பொறுத்தது. வைரத்தின் மேல் வைத்த சாதாரணக் கரிமப் பொருளில் 1000 செ.மீ⁻¹ அருகே ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் போகும், 3000 அருகே அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால், மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து அழுத்திய வில்லையில் ஓங்கி நிற்கும் C–H பட்டைகள் ஏடிஆரில் சோர்ந்து தெரியும். வலுவான பட்டைகள் சில செ.மீ⁻¹ கீழே நகர்ந்தும் இருக்கும். ஏடிஆரில் எடுத்ததை ஏடிஆர் லைப்ரரியோடு ஒப்பிடுங்கள். முடியாவிட்டால் திருத்தம் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். அப்படித் திருத்தியதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

வில்லை முறையில் இன்னொரு சிக்கல் உண்டு. நம்மிடம் வருபவற்றில் பல ஹைட்ரோகுளோரைடு உப்புகள். அவற்றைப் பொட்டாசியம் புரோமைடோடு சேர்த்து அரைத்து அழுத்தும்போது குளோரைடும் புரோமைடும் இடம் மாறிக்கொள்ளலாம். அப்புறம் நீங்கள் பார்ப்பது ஓரளவுக்கு ஹைட்ரோபுரோமைடு உப்பின் நிறமாலை. இதற்காகத்தான் ஹைட்ரோகுளோரைடுகளுக்குப் பொட்டாசியம் குளோரைடு வில்லையைப் பரிந்துரைக்கிறார்கள். வில்லை ஈரத்தை இழுத்துக்கொண்டால் 3440ஐச் சுற்றி அகலமாகவும் 1640ல் சிறிதாகவும் தண்ணீர்ப் பட்டைகள் வரும். அதை மாதிரியின் ஹைட்ராக்சில் என்று எண்ணிவிடக்கூடாது.

இனி உங்கள் பொடிக்கு வருவோம். அது உண்மையிலேயே கோக்கெய்ன் ஹைட்ரோகுளோரைடு என்றால் என்ன தெரிய வேண்டும்?

நான் முதலில் பார்ப்பது கார்பனைல் (C=O) பிணைப்பின் பகுதியை. கோக்கெய்னில் இரண்டு எஸ்டர்கள் உள்ளன, ஒன்று மெத்தில் எஸ்டர், இன்னொன்று பென்சோயேட். ஆகவே 1730, 1711 அருகே இரண்டு பட்டைகள் ஒட்டி நிற்க வேண்டும். பென்சீன் வளையத்தோடு இணைந்திருப்பதால் பென்சோயேட் எஸ்டர் கீழே இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு பட்டைதான் தெரிகிறதென்றால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். கோக்கெய்னோடு கலக்கப்படும், சில நேரம் கோக்கெய்ன் என்றே விற்கப்படும் மரப்பு மருந்துகள் இங்கேயே தனித்துத் தெரிந்துவிடும். பென்சோகெய்ன், புரோகெய்ன் இரண்டிலும் எஸ்டர் கார்பனைல் 1680–1690 வரை இறங்கிவிடுகிறது. எதிர்முனையில் உள்ள அமினோ தொகுதி வளையத்தின் வழியாக எலக்ட்ரானைத் தள்ளுவதுதான் காரணம். அந்த அமினோ தொகுதியே 3400–3200 பகுதியில் கூர்மையான N–H பட்டைகளாகவும் வந்து நிற்கும். லிடோகெய்னில் எஸ்டரே இல்லை. அது அமைடு, 1650–1660 பக்கம் போய்விடும்.

அடுத்து 2700–2300 பகுதி. மூன்றாம்நிலை அமைன் ஒன்று அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும்போது N–H⁺ பிணைப்பு இந்தப் பகுதியில்தான் தெரியும். கோக்கெய்ன் ஹைட்ரோகுளோரைடில் 2540ஐச் சுற்றி, உயரமில்லாத, கொஞ்சம் அகலமான மேடு ஒன்று இருக்கும். லைப்ரரித் தேடல் இதைக் கண்டுகொள்ளாது. ஆனால் கையிலிருப்பது உப்பா காரமா என்று சொல்லும் முதல் சாட்சி இதுதான்.

பிறகு கைரேகைப் பகுதி. 1267ல் அரோமாட்டிக் எஸ்டரின் வலுவான C–O பட்டை, தொடர்ந்து 1106, 1071, 1026. கடைசியாக 730ல் பென்சீன் வளையத்தின் C–H பிணைப்புகள் தளத்துக்கு வெளியே மடங்கும் பட்டை. இவற்றின் இடம் மட்டும் பொருந்தினால் போதாது. எது உயரம், எது குட்டை, எதன் தோளில் சிறு புடைப்பு இருக்கிறது என்பது வரை, இன்னதென்று உறுதியாகத் தெரிந்த தர மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும்.

அதே கோக்கெய்ன் உப்பாக இல்லாமல் காரமாக இருந்தால் நிறமாலை கண்ணுக்கே வேறாகத் தெரியும். 2540 மேடு இருக்காது. கார்பனைல் பட்டைகள் 1735, 1708 என்று கொஞ்சம் விலகி நிற்கும். 1267ல் இருந்தது 1275க்குப் போகும், 730ல் இருந்தது 712க்கு இறங்கும். மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் பொருண்மை நிறமாலைமானிக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதற்கு முன்னால் கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பியின் வழியே போகும்போது உப்பு, காரம் இரண்டும் ஒரே மூலக்கூறாகத்தான் வந்து சேரும். சட்டத்துக்கோ இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் கிராக் எனப்படும் கார வடிவத்துக்கும் தூளாக வரும் உப்பு வடிவத்துக்கும் இடையே 100க்கு 1 என்ற எடை விகிதத்தில் குறைந்தபட்சத் தண்டனையை நிர்ணயித்தது. 2010இல்தான் அது 18க்கு 1 ஆகக் குறைந்தது. அகச்சிவப்பில் 18 செ.மீ⁻¹ நகர்ந்த ஒரு பட்டை அங்கே பல ஆண்டுச் சிறைவாசமாக மாறக்கூடியது.

அமைன் உப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆம்ஃபெட்டமைன் குடும்பத்தில் நிறைய வேலை இதை வைத்துத்தான் நடக்கிறது. முதல்நிலை அமைன் உப்பில் NH₃⁺ பட்டை 3200–2800 எல்லையில், C–H பட்டைகளையே மூழ்கடிக்கும் அளவுக்கு அகலமாக இருக்கும். 1600–1500க்குள் அதன் மடங்கல் பட்டையும் வரும். இரண்டாம்நிலை அமைன் உப்பில் அகலமான உறிஞ்சல் 3000–2700ல் இருக்கும், கூடவே 2700–2400ல் ஒரு தொடர் தெரியும். மூன்றாம்நிலையைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன்.

மெத்தாம்ஃபெட்டமைனையும் ஃபென்டெர்மைனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே மூலக்கூறு வாய்பாடு, C₁₀H₁₅N. எலக்ட்ரான் மோதல் பொருண்மை நிறமாலையில் இரண்டும் 58 என்ற துண்டைத்தான் பெரிதாகக் காட்டும். மூலக்கூறு அயனி கிட்டத்தட்டத் தெரியாது. அகச்சிவப்பில் குழப்பமே இல்லை. மெத்தாம்ஃபெட்டமைன் ஹைட்ரோகுளோரைடு இரண்டாம்நிலை அமைன் உப்பு, 2460 அருகே தெளிவான பட்டை தரும். ஃபென்டெர்மைன் முதல்நிலை. இரண்டிலும் பென்சீன் வளையத்தில் ஒரே இடத்தில்தான் மாற்றுத்தொகுதி இருக்கிறது என்பதால் 750, 700 பக்கத்தில் இரண்டு கூரிய பட்டைகள் வரும். அதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏவில் வளையத்தோடு ஒட்டிய மெத்திலீன்டைஆக்சி தொகுதி 1250, 1040, 930 பக்கங்களில் பட்டைகள் தரும். இவை இருந்தால் அந்தக் குடும்பம் என்று சொல்லலாம். எம்டிஏவா எம்டிஎம்ஏவா வேறு எதுவுமா என்று இவை சொல்லாது. அதற்கு மறுபடி அமைன் உப்புப் பகுதிக்கும் முழுக் கைரேகைக்கும் போக வேண்டும்.

இதுவரை தூய பொருளைப் பற்றித்தான் பேசினோம். பிடிபட்டு வரும் மாதிரி தூயதாக இருப்பது அரிது. ஆகவே இனிச் சொல்வதில்தான் நீங்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டும்.

ஒரு பழுப்புப் பொடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் "பாராசிட்டமால், 90" என்கிறது. நிறமாலையும் பார்த்தவுடன் அப்படித்தான் இருக்கிறது. 3320ல் N–H, 1650ல் அமைடு, 1610, 1560, 1505, 1225, 837 எல்லாம் இடத்தில் இருக்கின்றன. அங்கேயே மூடி வைத்தால் அது வலி மாத்திரைத் தூள். பாராசிட்டமாலில் எது இருக்கக்கூடாது என்று கேளுங்கள். 1700க்கு மேல் அதற்கு வேலையே இல்லை. இந்த நிறமாலையிலோ 1700ஐ ஒட்டி ஒரு பட்டை இருக்கிறது, 745 அருகே இன்னொன்று. காஃபீன் உள்ளே இருக்கலாம். அதற்கும் மேலே, 1760ல் ஒன்றும் 1737ல் ஒன்றுமாக இரண்டு சிறு பட்டைகள். காஃபீனாலும் பாராசிட்டமாலாலும் அந்த இடத்தை விளக்க முடியாது. அது எஸ்டர்களின் இடம்.

இரண்டு எஸ்டர்கள், அதில் ஒன்று வழக்கத்தைவிட உயரத்தில். ஹெராயின் என்பது மார்பீனின் இரண்டு ஹைட்ராக்சில்களிலும் அசிட்டைல் ஏறிய மூலக்கூறு. ஃபீனால் பக்கத்தில் ஏறிய அசிட்டேட் 1760 அருகே நிற்கும், ஆல்கஹால் பக்கத்தில் ஏறியது 1737 அருகே. பாராசிட்டமாலும் காஃபீனும் ஹெராயினோடு சேர்த்துக் கலக்கப்படுவது இந்தத் துறையில் எல்லோரும் பார்த்திருக்கும் சேர்க்கை. அந்த இரண்டு பொருள்களும் மறைக்காமல் விட்ட ஒரு சிறிய சன்னலில் ஹெராயினின் இரண்டு எஸ்டர்களும் வந்து நிற்பதால் பகுப்பாய்வாளருக்கு நல்ல காலம்.

1760, 1737 இரண்டையும் வெவ்வேறாகப் பார்க்க வேண்டும். 6-மோனோஅசிட்டைல்மார்பீனில் ஆல்கஹால் பக்க அசிட்டேட் மட்டுமே இருக்கிறது, எனவே 1737 பக்கத்தில் மட்டுமே பட்டை வரும். ஹெராயினோடு கூடவே வரும் அசிட்டைல்கோடீனும் அப்படித்தான். மார்பீனிலும் கோடீனிலும் கார்பனைலே கிடையாது. அந்தப் பகுதி வெறுமையாக இருக்கும். அப்படியானால் 1760 இருந்தால் ஹெராயின் என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஆஸ்பிரினிலும் ஃபீனால் அசிட்டேட் உண்டு, 1750ஐ ஒட்டி நிற்கும். அதோடு 1690க்குச் சற்றுக் கீழே அதன் அமிலக் கார்பனைலும் வரும். காஃபீன் பட்டைக்குப் பக்கத்தில் அது மறைந்துகொள்ள இடம் உண்டு. ஒரு பட்டையை வைத்து ஒரு பெயரை எழுதாதீர்கள் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இப்படிப்பட்ட இடங்களை மனத்தில் வைத்துத்தான்.

எனவே கலவையைப் பிரிக்க வேண்டும். கணினியில் கழிப்பது ஒரு வழி. உங்கள் நிறமாலையிலிருந்து பாராசிட்டமாலின் நிறமாலையைப் பொருத்தமான அளவு கழித்தால் மிச்சம் தெரியும், அதை மறுபடி தேடலாம். நல்ல கருவிதான், ஆனால் பொய்யும் சொல்லும். கழிக்கும் நிறமாலை வேறு கருவியிலோ வேறு முறையிலோ எடுக்கப்பட்டிருந்தால் பட்டைகள் ஒன்றிரண்டு செ.மீ⁻¹ தள்ளி நிற்கும். கழித்தபின் ஒவ்வொரு பெரிய பட்டையின் இடத்திலும் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக ஒரு வடிவம் கிடைக்கும். அந்த மேட்டைப் புதிய பொருளின் பட்டை என்று எண்ணி ஏமாறுவது எளிது. அளவுக்கு மீறிக் கழித்தாலும் இல்லாத பட்டைகள் முளைக்கும். கழித்தது எதைத் தேடலாம் என்று திசை காட்டட்டும். அடையாளத்துக்குச் சான்றாக அதை முன்வைக்க நான் தயங்குவேன்.

பொருளையே பிரிப்பதுதான் உறுதியான வழி. முதலில் நுண்ணோக்கியின் கீழ் பொடியைப் பரப்பிப் பாருங்கள். பல நேரம் துகள்கள் வடிவத்திலும் நிறத்திலும் வேறுபட்டுத் தெரியும். ஒரு துகளை ஊசி முனையில் எடுத்து வைரத்தின் மேல் வைத்தால் தூய நிறமாலை கிடைக்கும். நிமிடக் கணக்கில் முடியும் இந்த வேலையை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். அது கைகொடுக்காவிட்டால் கரைப்பான். லாக்டோஸ், மானிட்டால் போன்ற சர்க்கரைகள் 3600–3000ஐயும் 1150–1000ஐயும் முழுவதாக அடைத்துக்கொள்ளும். அவை குளோரோஃபார்மில் கரையாது, கோக்கெய்ன் ஹைட்ரோகுளோரைடு கரையும். வடிகட்டி உலர்த்தினால் சர்க்கரை கழன்றுவிடும். உலர்த்தியது போதாவிட்டால் 1215லும் 760லும் குளோரோஃபார்மே வந்து நிற்கும். பிரிப்பதற்கு முன் எடுத்த நிறமாலை, பின் எடுத்த நிறமாலை இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். வெறும் கரைப்பானை அதே மாதிரி உலர்த்தி எடுத்த வெற்று நிறமாலையும் இருக்க வேண்டும்.

கரைத்து உலர்த்தும்போது பொருளின் படிக வடிவம் மாறலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே மூலக்கூறு வெவ்வேறு விதமாக அடுக்கப்பட்டால் திண்ம நிறமாலையும் வேறுபடும். பினோபார்பிட்டால் முதலான பார்பிட்டியூரேட்டுகள் இதற்குப் பேர்போனவை. தர மாதிரியோடு உங்கள் நிறமாலை கொஞ்சம் ஒத்தும் கொஞ்சம் ஒவ்வாமலும் இருந்தால், வேறு பொருள் என்று முடிவு கட்டும் முன் தர மாதிரியையும் அதே கரைப்பானில் கரைத்து, அதே மாதிரி உலர்த்தி எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தால் சிக்கல் தீர்ந்தது.

அகச்சிவப்புக்கு எட்டாதவை எவை என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கலவையில் எடைப்படி ஏறத்தாழ 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பொருளை ஏடிஆர் நிறமாலையில் காண்பது கடினம். ஃபென்டனில் விஷயத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டது. அதன் மூன்றாம்நிலை அமைடு 1650 அருகே பட்டை தரும். பாராசிட்டமால், காஃபீன் இரண்டும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 2 சதவீதம் ஃபென்டனில் ஒரு மனிதரைக் கொல்லப் போதும், நிறமாலையில் அதன் சுவடே தெரியாமல் போகலாம். ஆகவே "அகச்சிவப்பில் தெரியவில்லை" என்பதை "இல்லை" என்று ஒருபோதும் எழுதாதீர்கள், வாயாலும் சொல்லாதீர்கள். மக்களின் பாதுகாப்புக்காகப் பொருளைச் சோதித்துச் சொல்லும் மையங்களில் அகச்சிவப்புக் கருவியின் பக்கத்திலேயே ஃபென்டனில் சோதனைப் பட்டியையும் வைத்திருப்பது இதனால்தான்.

ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருக்கும் மூலக்கூறுகளையும், அதாவது ஆடிப் பிம்ப மாற்றியங்களையும், அகச்சிவப்பால் பிரிக்க முடியாது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருமல் மருந்து. அதன் ஆடிப் பிம்பமான லெவோமெத்தார்ஃபான் 1961ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானை அந்த உடன்படிக்கை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. இரண்டின் அகச்சிவப்பு நிறமாலையும் ஒன்றுதான். இங்கே ஆடிப் பிம்பங்களைப் பிரிக்கும் கைரல் நிறப்பகுப்பியோ ஒளிச்சுழற்சி அளவீடோ வேண்டும். எஃபிட்ரின், சூடோஎஃபிட்ரின் அப்படி இல்லை. அவை ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம் ஆகாத மாற்றியங்கள், நிறமாலை தெளிவாக வேறுபடும்.

வளையத்தில் இடம் மட்டும் மாறிய மாற்றியங்களில்தான் அகச்சிவப்பின் உண்மையான பலம் இருக்கிறது. ஃபுளோரோஃபென்டனிலில் ஃபுளோரின் ஆர்த்தோவில் இருக்கிறதா, மெட்டாவிலா, பாராவிலா என்று எலக்ட்ரான் மோதல் பொருண்மை நிறமாலையை மட்டும் பார்த்துச் சொல்வது மிகக் கடினம். மூன்றின் துண்டுகளும் ஒன்றுபோல விழும். அகச்சிவப்பில் 900–680 பகுதியில், வளையத்தில் எந்தெந்த ஹைட்ரஜன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதைப் பொறுத்துப் பட்டைகள் மாறும். ஆர்த்தோவுக்குப் பொதுவாக 770–735ல் ஒன்று, பாராவுக்கு 860–800ல் ஒன்று, மெட்டாவுக்கு 810–750லும் 690 அருகேயுமாக இரண்டு. ஆனால் ஃபென்டனில் போன்ற மூலக்கூறில் வேறு பென்சீன் வளையமும் இருப்பதால் இந்த விதியை வைத்துக் கண்மூடித்தனமாகப் படிக்க முடியாது. மூன்று மாற்றியங்களின் தர மாதிரிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இரண்டு மாற்றியங்களில் ஒன்று தடைப் பட்டியலில் இருந்து மற்றொன்று இல்லாத நாடுகளில் இது ஒன்றுதான் வழக்கையே தீர்மானிக்கும்.

அறிக்கைக்கு வருவோம். ஸ்விக்ட்ரக் என்று அழைக்கப்படும், 1997இல் தொடங்கிய போதைப்பொருள் பகுப்பாய்வு அறிவியல் பணிக்குழு, முறைகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. மூலக்கூறின் அமைப்பையே காட்டும் அகச்சிவப்பு, பொருண்மை நிறமாலை, அணுக்கருக் காந்த ஒத்திசைவு, ராமன், எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு ஆகியவை முதல் வகை. நிறப்பகுப்பி முறைகள் இரண்டாம் வகை. நிறச் சோதனைகள் மூன்றாம் வகை. முதல் வகையில் ஒன்று இருந்தாலும் கூட இன்னொரு முறை வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. கூடிய மட்டும் மாதிரியின் வேறொரு பகுதியை எடுத்துச் செய்யுங்கள். முதல் முறை எதில் குருடோ அதில் பார்வையுள்ள முறையாக இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அகச்சிவப்போடு வாயு நிறப்பகுப்பி–பொருண்மை நிறமாலை சேர்ந்தால் நல்ல இணை. வாயு நிறப்பகுப்பி–பொருண்மை நிறமாலை சிறிய அளவுகளைப் பிடிக்கும், அகச்சிவப்பு மாற்றியத்தையும் உப்பையும் சொல்லும்.

உங்கள் பொடிக்கு நான் செய்வது இதுதான். ஆய்வகத்தில் சான்றிதழோடு இருக்கும் கோக்கெய்ன் ஹைட்ரோகுளோரைடு தர மாதிரியை அதே கருவியில், அதே வைரத்தின் மேல், அதே நாளில் எடுப்பேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, 4000 முதல் 400 வரை சிறிது சிறிதாக நகர்த்திப் பார்ப்பேன். தர மாதிரியில் இருந்து என் மாதிரியில் இல்லாத பட்டை ஏதாவது இருந்தால் அடையாளம் அங்கேயே விழுந்துவிடும். என் மாதிரியில் மட்டும் இருக்கும் பட்டைக்கு வேறொரு பொருளைக் காட்டியாக வேண்டும். அதைப் பிரித்தெடுத்து, பெயரையும் உறுதிசெய்ய வேண்டும். பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பட்டை எந்த அலைஎண்ணில் இருக்கிறது என்பதையாவது குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வையாளரின் கண்ணில் படும்படி வைப்பேன். அறிக்கையில் "கோக்கெய்ன் ஹைட்ரோகுளோரைடு உள்ளது; அடையாளம் காணப்படாத பிற பொருளும் உள்ளது" என்று எழுதுவதில் தவறே இல்லை. லைப்ரரி தந்த 94ஐ அறிக்கையில் எங்கும் குறிப்பிட மாட்டேன். நீதிமன்றத்தில் அந்த எண்ணைப் பற்றிக் கேட்டால், தேடலைத் தொடங்க அது உதவியது என்று சொல்லிவிட்டு, இரண்டு நிறமாலைகளையும் மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு பட்டையாகக் காட்டுவேன்.